மறு: மறு: ‘வரம்பற்ற’ மாதிரி – அவசரமாக வேறு சொல் வேண்டும்

க.வே.

குழுவினருக்கு வணக்கம். பொதுச் சுகாதார மாணவர்களுக்கான பாடம் வெள்ளிக்கிழமை அச்சகம் போக வேண்டும். வேதிப்பொருளால் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘த்ரெஷோல்ட்’, அதாவது இதற்குக் கீழே தீங்கில்லை என்னும் அளவு, என்பதற்கு ‘வரம்பு’ என்று எழுதிவந்தேன். அப்படி ஓர் அளவே இல்லை என்று கொள்ளும் கணக்கீட்டு மாதிரி ‘வரம்பற்ற மாதிரி’ ஆகிவிட்டது. படித்த மாணவி, “அப்படியானால் எவ்வளவு வேண்டுமானாலும் சுவாசிக்கலாமா?” என்கிறார். கருத்தோ நேர் எதிர்: எவ்வளவு குறைத்தாலும் ஆபத்து சுழியாகாது.

வரம்பு என்ற சொல் சட்டத்துக்கும் தேவைப்படுகிறது. காற்றில் பென்சீனுக்கு இந்தியத் தர அளவு, ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில், கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் உள்ள காற்றை வாழ்நாள் முழுதும் சுவாசித்தால் பத்து லட்சம் பேரில் 2.2 முதல் 7.8 பேருக்குக் கூடுதலாக ரத்தப் புற்றுநோய் வரலாம். 5 மைக்ரோகிராமுக்கு 11 முதல் 39 பேர். ஆக, பென்சீனுக்கு வரம்பு உண்டு, மற்றது இல்லை. அந்த ‘மற்றது’க்குச் சொல் தாருங்கள்.

இரா.சு.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ‘த்ரெஷோல்ட் ஃப்ரீக்வென்சி’க்குப் ‘பயன்தொடக்க அதிர்வெண்’ இருக்கிறதே! ‘பயன்தொடக்க அளவு’ என்று எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது வார்ப்பதே நமக்குப் பிழைப்பாகிவிட்டது.

டாக்டர் ம.

புற்றுநோய்க்குப் பயனா? நோயாளியின் முன்னால் அதை என்னால் வாயெடுத்துச் சொல்ல முடியாது.

புலவர் த.

டாக்டர் தம்பி, வினைப்பயன் என்கிறோம். அதில் நன்மை மட்டுமா இருக்கிறது? இருந்தாலும் அதே அதிர்வெண்ணுக்கு இலங்கையர் வழங்கும் ‘நுழைவாய் மீடிறன்’ எனக்குப் பிடிக்கும். இல்லின் வாய், வாயில், இலக்கணப் போலி. மருவி வாசல். இல்லின் முன், முன்றில், அதுவும் போலியே. வாயிலைத் தாண்டாதவன் நிற்பது முன்றிலில்தானே? ஆகவே தீங்கு செய்யாத அளவை ‘முன்றிலளவு’ எனலாம். கருத்தும் நமக்குப் புதிதன்று. குறளின் வலியறிதல் அதிகாரத்தில், அளவு மீறி ஏற்றினால் மயிற்பீலி வண்டியின் அச்சும் முறிகிறதே, அதுவே ‘த்ரெஷோல்ட்’.

நச்சியல் சீ.

ஐயா, அச்சு முறிவது குளோரோஃபார்முக்குப் பொருந்தும். செல்களைக் கொன்று, அவை மீண்டும் பெருகும் அளவுக்குக் கொடுத்தால்தான் எலிக்குக் கட்டி வருகிறது. அதற்குக் கீழே ஆபத்தில்லை என்று அதே முகமை 2001-இல் ஏற்றது. பென்சீனை இப்படிப் பார்ப்பதில்லை. 1954-இல் ஆர்மிடேஜ், டால் என்ற இரு ஆய்வாளர்கள், பல புற்றுநோய்களில் இறப்பு வீதம் ஏறத்தாழ வயதின் ஆறாம் அடுக்கில் ஏறுவதைக் காட்டி, செல் ஏழு மாற்றங்களைக் கடக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். அந்த மாற்றங்கள் உடலில் தாமாகவே நடந்துகொண்டிருக்கின்றன. வேதிப்பொருள் அவற்றில் ஒன்றைச் சற்று விரைவுபடுத்தினால் போதும், சிறு அளவுக்குச் சிறு ஆபத்து கூடும். வரைபடத்தில் அது சுழியிலிருந்து புறப்படும் நேர்கோடு.

இதில் ஊகமும் உண்டு. பென்சீன் கணக்கு ஒஹாயோவின் ரப்பர் ஆலைத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. அவர்கள் சுவாசித்தது தெருக்காற்றைவிடப் பன்மடங்கு. இடைப்பட்ட கோட்டை நாம்தான் இழுக்கிறோம். எனவே சொல் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும்: குளோரோஃபார்முக்கு ‘உள்ள’, பென்சீனுக்கு ‘அற்ற’. ‘முன்றிலற்ற’ என்றால் அடுக்குமாடி வீடு என்று நினைப்பார்கள்.

இரா.சு.

அப்படியானால் ‘தொடங்களவு’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் ஆகும்.

புலவர் த.

பிரித்துப் படித்தால் ‘களவு’ வருகிறது. தலைவி எங்கே?

டாக்டர் ம.

‘விளைவுத் தொடக்க அளவு’. நீளம்தான், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நச்சியல் சீ.

எனக்குச் சம்மதம். ‘தொடக்க அளவு’ என்று மட்டும் சுருக்க வேண்டாம். முதல் வேளை மருந்து என்று ஆகிவிடும்.

இரா.சு.

மூன்று சொல் கோத்தது கலைச்சொல் ஆகாது, அது விளக்கவுரை. போட்டுக்கொள்ளுங்கள்.

க.வே.

‘விளைவுத் தொடக்க அளவு’ என்றே போடுகிறேன். ஆனால் அத்தியாயத் தலைப்பில் ‘அற்ற’ சேர்த்தால் வரி கொள்ளவில்லை. அங்கே மட்டும் ‘எந்த அளவிலும் ஆபத்து’ என்று எழுதிவிட்டேன். அடுத்த பக்கத்தில் ‘ஸ்லோப் ஃபேக்டர்’, அதாவது அளவு கூடக்கூட ஆபத்து எவ்வளவு ஏறும் என்னும் எண், காத்திருக்கிறது. சாய்வுக் காரணியா, சரிவுக் கெழுவா?

புலவர் த.

சாய்வு வேறு, சரிவு வேறு. இரவு விரிவாக எழுதுகிறேன். முன்றிலளவை நான் இன்னும் கைவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.