குடல்வாலோ? இரத்த றிப்போட் பார்க்கத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

ஒட்டுசுட்டானில இருந்து எழுதுறன். அக்கான்ர மகனுக்கு 14 வயசு. நேற்றிரவு தொப்புளடியில தொடங்கின நோ, விடியக்காத்தால வலது அடிவயித்துக்கு இறங்கிட்டுது. ரெண்டுதரம் சத்தி, சாப்பாடும் வேண்டாமாம். அம்மம்மா ஓமத்தண்ணி காய்ச்ச வெளிக்கிட்டவ, நான் விடேல்ல. இப்ப வோட்டில நிக்கிறம்.

வெள்ளணு 14,800, அதில நியூட்ரோபில் எண்ட வகை 84 வீதம். சிஆர்பி (உடம்பில அழற்சி இருந்தா இரத்தத்தில ஏறுற புரதம்) மட்டும் 9 தான். "அது ஏறேல்ல, பயமில்லை" எண்டு பக்கத்துக் கட்டில் ஐயா சொல்லுறார் (அவருக்கு எல்லாம் தெரியும்!). ஆனா சிஆர்பி ஏற அரைநாள் மட்டில எடுக்குமெல்லோ? வெள்ளணு வேற தொற்றுக்கும் கூடும். குடல்வால் அழற்சியோ எண்டு கணிக்க 1986 இல வந்த அல்வராடோ புள்ளிமுறையில 10 இல 3 தான் இரத்தத்துக்கு. மிச்சம் 7உம் நோ, சத்தி, சாப்பாடு வேண்டாமெண்டுறது, காய்ச்சல், வயித்தை அமத்திப் பார்க்கிறது.

ஆறு மணித்தியாலத்தால திரும்ப இரத்தம் எடுத்து, ஸ்கானும் செய்வினமாம். அதுவரைக்கும் வாயில ஒண்டும் குடுக்கவேண்டாமாம். இப்பிடிப் பொறுக்கிறது வழமையோ? ரெண்டாவது றிப்போட்டில எதைக் கவனிக்கவேணும்? டொக்டரிட்டையும் கேப்பன்தான், எண்டாலும் தாதிமார், லாப்பில வேலை செய்யிற ஆக்கள் இருந்தா கெதியாச் சொல்லுங்கோ. அக்கா அழுதுகொண்டு நிக்கிறா.