வெயிலைவிடப் புழுக்கம் மோசம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தோஹாவாசி:
கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை கூடாது. 2021-இல் வந்த விதி. ஊரில் சொன்னால் "அப்ப பரவாயில்லையே" என்பார்கள். ஆனால் எங்களோடு கம்பி கட்டிய நேபாளத்துப் பையன் சுருண்டு விழுந்தது ஆகஸ்ட் மாதம், ராத்திரி ஷிப்டில். போன் 34 டிகிரிதான் காட்டியது. கடல் ஈரம் ஏறிவிட்டால் வேர்வை கொட்டும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? பேச்சு குழறியது, எங்களையே அடையாளம் தெரியவில்லை. சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்தோம். ஆஸ்பத்திரி போய்ப் பிழைத்தான்.

வெப்பம், ஈரம், காற்று எல்லாம் சேர்த்துப் பார்க்கும் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தணும் என்றும் அதே விதியில் இருக்கிறது. அதை அளக்கும் மீட்டரை எங்கள் சைட்டில் நான் பார்த்ததே இல்லை. வளைகுடாக் கடல் சூடாகிக்கொண்டே போகிறது. ராத்திரி புழுக்கம் எப்படிக் குறையும்?

ஹாஜி:
2024 ஹஜ்ஜுக்குப் போயிருந்தேன். மக்காவில் 51.8 டிகிரி வரை போனது. ஏசி கூடாரம், பஸ் எல்லாம் இருந்ததால் எங்கள் குழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறந்தவர்கள் 1,300-க்கு மேல். அதில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்து வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவுதி அரசே சொன்னது.

உப்பளத்துப் பெண்:
எங்களுக்குத் தூத்துக்குடி. விடியுமுன்னே டார்ச் லைட்டோடு பாத்தியில் இறங்கிவிடுவோம். அப்புறம் மேலே வெயில், கீழே உப்பு வெள்ளை கண்ணில் அடிக்கும். ஒண்ணுக்கு ஒதுங்க இடம் கிடையாது, அதனால் பொம்பளைகள் தண்ணீரே குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு எங்களுக்குச் சகஜம். என் அத்தைக்குக் கிட்னி பழுது என்றதும் டாக்டர் சுகரா, பிரஷரா என்றுதான் கேட்டார். இரண்டும் இல்லை. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இப்படித்தான் சுகரும் பிரஷரும் இல்லாமலே கிட்னி கெடுகிறது. வெயிலில் பாடுபட்டு, உடம்பில் நீர் வற்றுவதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

தோஹா அண்ணே, அந்தப் பையனுக்குக் கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) பார்த்தார்களா?

தோஹாவாசி:
இல்லைம்மா. ரெண்டு நாளில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஊரில் இருக்கிறான், பார்க்கச் சொல்லி மெசேஜ் போடுகிறேன்.