பொருள்: ஹாட் ராட் – தமிழில் எப்படி? (ஞாயிறு அச்சு)

அன்புள்ள மடற்குழுவினருக்கு,

எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர் ஞாயிறன்று அச்சுக்குப் போகிறது. டெட்ராய்ட் ஆட்டோரமாவுக்குப் போய்வந்த பிள்ளைகள் ஒரு கட்டுரை தந்திருக்கிறார்கள். 1953-இல் தொடங்கிய கார் கண்காட்சி; இப்போது ஹன்டிங்டன் பிளேஸ் அரங்கத்துக்குள் நடக்கிறது. அங்கே தரும் ரிட்லர் விருதுக்கு அதற்குமுன் எங்கும் காட்சிக்கு வைக்காத வண்டிதான் வரவேண்டும். எட்டு வண்டிகள் இறுதிச் சுற்றுக்குத் தேறும். வண்டிக்கு அடியில் கண்ணாடி பரப்பியிருந்ததாம். குனிந்து பார்த்தால் அடிப்பாகமும் மேல்பக்கம் மாதிரியே மெருகேறி மின்னியதாம். எழுத்து அருமை. ஆனால் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்), கஸ்டம் (அழகுக்காக மாற்றிய கார்), காரின் உயரத்தைக் குறைக்கும் வெட்டு வேலைகளான சாப், செக்‌ஷன், சானல் எல்லாம் ஆங்கிலத்தில் அப்படியே கிடக்கின்றன. உதவுங்கள்.
– மலர்க்குழு, மிச்சிகன்

*

ஹாட் ராட் என்பதற்குக் 'கடியுந்து' என்க; உந்து என்றால் வண்டி. தொல்காப்பிய உரியியல் 'கடி' என்னும் சொல்லுக்குப் பத்துப் பொருள் கூறுகிறது: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. விரைவு இருக்கிறது, புதுமை இருக்கிறது, மின்னும் விளக்கம் இருக்கிறது, அதன் ஒலி தரும் அச்சமும் இருக்கிறது. ஒரே உரிச்சொல்லில் இத்தனையும் அமையும்போது கடன் எதற்கு?
– தஞ்சையிலிருந்து

*

ஐயா, வணக்கம். கடி எண்டால் இண்டைக்குப் பிள்ளைகளுக்கு நாய்க்கடிதான் நினைவுக்கு வரும். வேர் அதுவே இருக்கட்டும், 'கடு' எண்டு எடுப்பம். எங்கட பக்கம் எக்ஸ்பிரஸ் ரயிலைக் 'கடுகதி ரயில்' எண்டுதான் சொல்லுறது. டிக்கெட் எடுக்கிற எல்லாருக்கும் விளங்கும். புறநானூறு 15-இல் 'கடுந்தேர் குழித்த' தெருவும் வருகுது. 'கடுகதிக் கார்' எண்டு போட்டால் என்ன?
– யாழ்ப்பாணத்தான், டொராண்டோ

*

பெரியவங்க மன்னிக்கணும். வேகத்தை மட்டும் பிடிச்சா பாதிதான் கிடைக்கும். ஃபோர்டு 1932-இல் மலிவு விலைக் காரில் வி8 எஞ்சினைப் போட்டது, 65 குதிரைத்திறன். கலிபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைச்சு, எஞ்சினைக் குடைஞ்சு, முரோக் மாதிரி வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்தாங்க. 1937-இல் அதுக்கு ஒரு சங்கமே வைச்சாங்க. அதனால, பிரிச்சு மாற்றிக் கட்டினதுதான் இதுக்கு உயிர். நம்ம ஊர்ப் பட்டறையில் இதை 'ஆல்ட்டர் வண்டி'ன்னுதான் சொல்வோம். வேகமா போற எந்தக் காரும் கடுகதிக் கார்தானே? என் ஓட்டு ஹாட் ராட்டுக்கே. கீழே ஒரு வரி விளக்கம் போதும்.
– கோவைப் பட்டறைக்காரன்

*

'ஆல்ட்டர்' தையற்கடைக்குச் சென்ற ஆங்கிலம். அதைத் தமிழ் மலரில் ஏற்றுவதா?
– தஞ்சையிலிருந்து

*

வெட்டு வேலைக்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. தாமரை 'மரை' ஆனால் முதற்குறை. ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை. நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை. கூரையை இறக்கும் சாப் முதற்குறை. உடலின் நடுவில் ஒரு பட்டை எடுத்துவிட்டு ஒட்டும் செக்‌ஷன் இடைக்குறை. கீழே இறக்கும் சானல் கடைக்குறை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும்.
– தமிழாசிரியை, மதுரை

*

அம்மா, கேட்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா சாப் வேலையில் கூரை போறதில்லை, தூண்தான் போகுது. தூணில் மூணு அங்குலம் அறுத்து எடுத்துட்டுக் கூரையைத் திரும்ப உட்கார வைப்பாங்க. முன் தூண் சாய்வா இருக்கும், அதனால மேல் துண்டு கீழ்த் துண்டோட நேரா சேராது. ஒண்ணு கூரையைக் குறுக்கே அறுத்து நீட்டணும், இல்லேன்னா தூணை இன்னும் சாய்க்கணும். கண்ணாடியும் புதுசா வெட்டணும். வெல்டிங் தழும்பு தெரியாம இருக்க நாம இன்னிக்குப் பட்டி பார்க்கிறோம். அந்தக் காலத்தில் அங்கே ஈயத்தை உருக்கித் தேய்ச்சாங்க.

சானலில் உடம்பு குறையறதே இல்லை. தளத்தை அறுத்து உயர்த்தி வெல்டு வைச்சு, பாடியைச் சேசி (அடிச்சட்டம்) மேல் இறக்கிடுவாங்க. அது கடைக்குறை ஆகாது.
– கோவைப் பட்டறைக்காரன்

*

அப்படியானால் சாப், செக்‌ஷன் இரண்டுமே இடைக்குறைதான். நடு எழுத்து போனால் இடைக்குறை. அது எந்த எழுத்து என்று இலக்கணம் கேட்பதில்லை.
– தமிழாசிரியை, மதுரை

*

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கட்டுரை நிற்காது, அம்மா. சாப் 'கூரைக்குறை', செக்‌ஷன் 'இடைக்குறை', சானல் 'அமிழ்த்தல்' என்று போடுகிறேன். இதுவரை ஆறு பேர் சரி என்றிருக்கிறார்கள். ஹாட் ராட் முதல் இடத்தில் 'கடுகதிக் கார் எனத்தக்க ஹாட் ராட்', பிறகு வெறும் ஹாட் ராட்.
– மலர்க்குழு, மிச்சிகன்

*

'எனத்தக்க' என்று ஒட்டவைப்பது கலைச்சொல் ஆகாது. கடியுந்து என்னும் என் கருத்து மடற்குழு ஏட்டில் இருக்கட்டும்.

கஸ்டம் காருக்கு: 'புனையுந்து'. புனைதல் என்றால் கட்டுதலும் உண்டு, அழகுசெய்தலும் உண்டு. திருமுருகாற்றுப்படையின் 'கைபுனைந்து இயற்றா' என்னும் தொடரை நோக்குக.
– தஞ்சையிலிருந்து

*

ஐயா, இது பிடிச்சிருக்கு. 1951 மெர்குரி காரை, கஸ்டம் கார் கட்டுற ஜார்ஜ் பாரிஸ்ங்கிறவர் பட்டறையில் கூரை இறக்கி, 'ஹிரோஹாட்டா மெர்க்'ங்கிற பேர்போன கார் ஆக்கினது புனைதல்தான், வேகத்துக்காக இல்லை. ஆனா 'புனைகார்'னு வைச்சுக்கலாமே, உந்து வேண்டாம்.
– கோவைப் பட்டறைக்காரன்

*

உந்து வேண்டும்.
– தஞ்சையிலிருந்து