இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படை புறப்பட்ட நாள்கள் (1989–90): வாசகர்கள் எழுதுகிறார்கள், மனதை விட்டு அகலாத ஒரு காட்சி

கொக்குவில் வாசகர்:
எங்கள் சந்தியில் இந்திய ஆமி வைத்திருந்த சென்றியை, அந்தக் காவலரணை, விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் இருந்த எல்லோருக்கும் அப்படி ஒரு சென்றி இருந்தது. 1990 தொடக்கத்தில் ஒரு காலை அது ஆளில்லாமல் கிடந்தது. மண்மூட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. எனக்கு முன்னால் சைக்கிளில் போன ஆசிரியர் ஒருவர், வழக்கம்போல இருபது கஜத்துக்கு முன்னதாகவே இறங்கி, குடையை மடக்கி, சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து நெஞ்சளவில் பிடித்தபடி நடந்து, அந்த மூட்டைகளைக் கடந்த பிறகே மறுபடி ஏறினார். அங்கே யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் நானும் இறங்கித்தான் நடந்தேன். ஒரு கிழமைக்கு மேலாக எங்கள் தெருவில் ஒருவரும் அந்த இடத்தைச் சைக்கிளில் இருந்தபடி தாண்டவில்லை.

நாகர்கோவில், முன்னாள் படைவீரர்:
நான் அந்த மண்மூட்டைகளுக்கு மறுபக்கம் நின்றவன். தமிழ் தெரிந்தவன் என்பதால் எங்கள் பிரிவில் பேச்சுவார்த்தை எதுவானாலும் என்னைத்தான் அழைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கட்டுவன் பக்கம் நாங்கள் முகாமாக வைத்திருந்த வீட்டை உரியவரிடம் ஒப்படைக்கும் நாளிலும் அப்படித்தான் அழைத்தார்கள். சாவியை நான் நீட்டியபோது அவர் வாங்கி மடியில் செருகிக்கொண்டார், வீட்டுக்குள் போகவில்லை. வளவைச் சுற்றி நடந்து, பங்கருக்குக் கூரை போட நாங்கள் தறித்த பனைகளின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினேழு. "வீட்டைத் திருத்தலாம் தம்பி, இதுகள் இனி என்ர காலத்தில வராது" என்றார். ஆங்கிலத்தில் இருந்த ஒப்படைப்புத் தாளை, அதாவது தமக்குக் குறையேதும் இல்லை என்று அவர் ஒப்புக்கொள்ளும் தாளை, நான்தான் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்திட்டார். என்னோடு போனவர்களில் மூவர் திரும்பவில்லை. எங்கள் தரப்பில் இறந்தவர்கள் மொத்தம் ஏறத்தாழ 1,200 பேர். அந்தத் துயரத்தை ஊரில் பேசி அழ எனக்கு ஆள் இருந்தது. அந்தத் தாளைப் பற்றி இன்றுதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

மட்டக்களப்பு:
மேலே எழுதிய இருவரும் மனம் நோக வேண்டாம், ஆனால் வெளியேற்றம் என்றதும் எல்லோரும் யாழ்ப்பாணத்தையும் கடைசியில் திருகோணமலையையும் மட்டுமே பேசுவது சரியில்லை. முதலில் காலியானது எங்கள் பக்கம். அம்பாறையும் மட்டக்களப்பும் 1989 முடிவதற்குள் கைவிடப்பட்டன. என் தம்பி அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். டியூஷன் முடிந்து வந்தவனை ஒரு ஆயுத இயக்கம் வழியில் பிடித்துக்கொண்டுபோய், இந்திய ஆமி போன பிறகு ஊரைக் காக்க என்று சொல்லிச் சீருடை போட்டுவிட்டது. ஆமி முகாமைக் காலி செய்த இரவில் அவன் பின்வேலியால் வந்தான். அம்மா சீருடையைக் கிணற்றடியில் எரித்தார். சப்பாத்து எரியவில்லை. புகை நாற்றம் அயலுக்குப் போய்விடும் என்ற பயத்தில் தண்ணீர் ஊற்றி அணைத்து, மாட்டெருக் கும்பிக்குள் புதைத்தோம். அதன்பின் விடியும்வரை அம்மா தேங்காயெண்ணெய் தடவி, சப்பாத்து இறுக்கிய தடம் மறையட்டும் என்று அவன் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டேயிருந்தார். பிடிப்பவர்கள் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் உறவினர் வீட்டுக்கென்று புறப்பட்டவன் அங்கே போய்ச் சேரவில்லை.

சென்னை வாசகர்:
நான் அன்று கல்லூரி மாணவன்; துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய வீரர்கள் கையசைத்ததும், திருப்பிக் கையசைக்கலாமா என்று தயங்கி நான் நின்றதும் மட்டுமே என் அனுபவம். ஆனால் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். படையைத் திரும்ப அழைத்தது வி.பி. சிங் அரசு மட்டுமே என்று பலரும் எழுதுகிறார்கள். 1989 ஜூன் 1 அன்றே இலங்கை அதிபர் பிரேமதாசா, இந்தியப் படை ஜூலை முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். செப்டம்பரில் ராஜீவ் காந்தி அரசு அதற்கான உடன்பாட்டில் ஒப்பமிட்டது. டிசம்பரில் பிரதமராக வந்த வி.பி. சிங் அதை 1990 மார்ச் 24 அன்று முடித்துவைத்தார். மட்டக்களப்புச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். பெயர், பிறந்த தேதி, கடைசியாகக் கண்ட இடம், அன்று அணிந்திருந்த உடை ஆகியவற்றை உடனே எழுதிவையுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 1989 முதல் இலங்கையில் இருந்தது. காணாமற்போனோர் பதிவுகள் அவர்களிடம் உண்டு. பள்ளி இடாப்பு, தேர்வு அனுமதி அட்டை, ஞானஸ்நானப் பதிவு எதுவானாலும் படியெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிகளையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். முதியவர்கள் சொல்வதைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, பதிவின் தொடக்கத்திலேயே நாளையும் இடத்தையும் சொல்லச் சொல்லுங்கள். நாகர்கோவில் ஐயா, நீங்கள் அந்த வீட்டுக்காரருக்குக் கட்டாயம் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மட்டக்களப்பு:
தாங்கள் சொன்னவற்றையெல்லாம் அம்மா இருந்தபோதே செய்துவிட்டோம். அக்கறைக்கு நன்றி. நான் இங்கே எழுதியது வழி கேட்டு அல்ல.

கொக்குவில் வாசகர்:
நாகர்கோவில் ஐயாவுக்குத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் அனுப்ப அங்கே முகவரி இருந்திருக்காது. 1990 ஜூனில் புலிகளுக்கும் இலங்கை இராணுவத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். அந்தப் பகுதி சனங்கள் போக முடியாத இராணுவ உயர் பாதுகாப்பு வலயமாகி, காணிகள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. என் பெரியம்மா குடும்பமும் கட்டுவன்தான். எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது அவர்களுடைய திறப்புக் கோர்வை, சாவிக்கொத்து, சாமிப்படத்துக்குக் கீழே தொங்கியது. நீங்கள் கொடுத்த சாவி அந்த மனிதருக்கு ஐந்து மாதம்கூடப் பயன்பட்டிருக்காது.