ரைட்டிங் சென்டருக்குத் தமிழ்ச் சொல்: 'எழுத்துத்துணை' என்று ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ரைட்டிங் சென்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் வந்த சொற்களையெல்லாம் இரண்டு நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தைப் பற்றி ஒருவரோடு உட்கார்ந்து பேசப் போகும் இடம் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ரைட்டிங் சென்டருக்கு முதலில் மாணவனாகப் போனவன் நான். அப்புறம் மூன்று ஆண்டுகள் அங்கேயே பகுதிநேரமாக வேலை பார்த்தேன். அதனால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'எழுத்து மையம்' என்றால் போதாதா? நேரடியாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறாகப் புரியும். நம் காதில் எழுத்து என்பது முதலில் அ, ஆ. தொல்காப்பியத்தின் முதல் அதிகாரமே எழுத்ததிகாரம்தான், அங்கே பேச்சொலியைப் பற்றித்தான் பாடம். அடுத்ததாக இலக்கியம் நினைவுக்கு வரும். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய சிற்றிதழின் பெயரே 'எழுத்து'. எழுத்தாளர் என்றால் கதை, கவிதை எழுதுகிறவர். ஆய்வக அறிக்கை எழுதும் வேதியியல் மாணவியை நாம் எழுத்தாளர் என்று சொல்வதில்லை, அவளும் தன்னை அப்படி நினைப்பதில்லை. 'எழுத்து மையம்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு அவள் நேரே நடந்து போய்விடுவாள். அவளுக்காகத்தான் அந்த இடமே இருக்கிறது.

இன்னொரு நண்பர் சொன்ன 'எழுத்தறிவு மையம்' இதைவிடச் சிக்கல். அந்தச் சொல்லை அறிவொளி இயக்கக் காலத்திலேயே முதியோர் கல்விக்குக் கொடுத்துவிட்டோம். பட்டம் படிக்கிறவரை அங்கே அனுப்பினால் கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று சொன்னதாகிவிடும்.

> 'எழுத்துத் திருத்தகம்' எப்படி? என்ன செய்கிறார்கள் என்பது பெயரிலேயே தெரிகிறது.

முடிதிருத்தகம் நினைவுக்கு வருகிறது என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார். என் மறுப்பு அதைப் பற்றியதல்ல. அங்கே திருத்துவதே இல்லை. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

முதல் பருவத்தில் நிலத்தடி நீர் பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று கொடுத்திருந்தேன். பேராசிரியர் கடைசிப் பக்கத்தின் அடியில் 'ரைட்டிங் சென்டருக்குப் போகவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. வகுப்புக்கு வெளியே முட்டி போடச் சொன்ன மாதிரி இருந்தது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் திரிந்தேன்.

போனால், அங்கே இருந்தது என்னைவிட வயதில் சின்னப் பெண், மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவி. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காராமல் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எப்போது கொடுக்க வேண்டும், பேராசிரியர் கேட்டது என்ன என்று விசாரித்தார். பென்சிலை என் கைப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, 'நீங்களே வாய்விட்டுப் படியுங்கள்' என்றார். படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஐந்து வரி நீள வாக்கியம் ஒன்று, அதன் நடுவில் எனக்கே நாக்குத் தடுக்கியது. 'இங்கே என்ன சொல்ல வருகிறீர்கள்?' என்று கேட்டார். 'மழை குறையவில்லை, ஆனாலும் நீர்மட்டம் ஏறவில்லை. தண்ணீர் இறங்க மண் திறந்திருக்க வேண்டும், அங்கே எல்லாம் கான்கிரீட்' என்றேன். 'அதை எழுதுங்கள்' என்றார். முக்கால் மணி நேரமும் அப்படியே போனது. என் தாளில் அவர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான். இலக்கணப் பிழையையாவது திருத்திக் கொடுத்திருக்கலாமே என்று. ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதும்போதுதான், கடைசிப் பத்தியில் கிடந்த ஒரு வரி முதல் பத்திக்கு வர வேண்டியது என்று கண்ணில் பட்டது. யாரும் காட்டிக் கொடுக்காமல் நானே கண்டுபிடித்தேன். அடுத்த கட்டுரைக்கு யாரும் சொல்லாமலே போனேன்.

அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீவன் நார்த் ரைட்டிங் சென்டர்களைப் பற்றி 1984இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. தாளைச் சீராக்குவது எங்கள் வேலை இல்லை, எழுதுகிறவரை வளர்ப்பதுதான் வேலை என்பது அதன் சாரம். பிழை திருத்தும் கடை என்று மற்றத் துறையினர் எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டு வருந்தி எழுதியது அது. நாமே 'திருத்தகம்' என்று பெயர் வைத்தால், அவர் எதை எதிர்த்தாரோ அதைப் பலகையிலேயே எழுதிவிட்டதாகும்.

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1930களில் அயோவா, மினசோட்டா பல்கலைக்கழகங்களில் 'லேப்' என்றார்கள். வேறு சில இடங்களில் 'கிளினிக்' என்றுகூடப் பெயர் இருந்தது, எழுத வராதவர் நோயாளி என்ற மாதிரி. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்த நகரத்து மாணவர்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் வகுப்பை நிறைத்தார்கள். அவர்களுடைய பிழைகளை அங்கே ஆசிரியராக இருந்த மீனா ஷானசி கட்டுக்கட்டாகப் படித்துப் பார்த்து, அந்தப் பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது சோம்பலோ மந்தபுத்தியோ இல்லை என்று 1977இல் புத்தகமாகவே எழுதிக் காட்டினார். அதே பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி மாணவருக்கு மாணவரையே பக்கத்தில் உட்கார வைத்தார். ஆசிரியரிடம் கேட்கக் கூசுகிறவர்கள் தோழரிடம் கேட்டார்கள்.

இதைச் சொல்லும்போது நன்னூலை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும், உடன் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை என்று பவணந்தியார் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நமக்கு இந்தக் கருத்து வெளியூர்ச் சரக்கு இல்லை. மாணவத் துணைவரைக் குறிக்கப் 'பயிற்றுநர்', 'ஆலோசகர்' என்றெல்லாம் சொன்னவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். இரண்டு சொல்லிலும் ஒருவர் மேலே நிற்கிறார், இன்னொருவர் கீழே உட்கார்ந்திருக்கிறார்.

> ஜெர்மனில் எப்படி ஆக்கினார்கள் என்று பார்த்தால் நமக்கு வழி கிடைக்கலாம்.

நல்ல கேள்வி. அவர்கள் 'ஷ்ரைப்ட்சென்ட்ரும்' என்கிறார்கள். கவனியுங்கள், வரிவடிவத்தைக் குறிக்கும் 'ஷ்ரிஃப்ட்' என்ற பெயர்ச்சொல்லை எடுக்கவில்லை. எழுது என்னும் வினையின் அடியை எடுத்திருக்கிறார்கள். நம்மிடமும் அதே வழி இருக்கிறது: எழுதுகோல், எழுதுபொருள், எல்லாம் வினைத்தொகை. இந்த வழியில் கோவை நண்பர் சொன்ன 'எழுதுகூடம்'தான் இதுவரை வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் அ, ஆவும் இல்லை, கவிதையும் இல்லை. கை ஓடுவது தெரிகிறது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. அது இடத்தின் பெயர். பல சமயம் இந்த வேலைக்கு இடமே இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1976இல் அறையில் தொடங்கிய ரைட்டிங் லேபை 1990களின் நடுவில் இணையத்துக்குக் கொண்டுவந்தது. மேற்கோள் குறிப்பு எப்படிப் போடுவது என்று தேடுகிற சென்னை மாணவர்கூட இன்று அந்தப் பக்கத்தில்தான் போய் நிற்கிறார். ஜெர்மனியில் ஓடர் ஆற்றங்கரைப் பிராங்பர்ட்டில் உள்ள வியாட்ரினா பல்கலைக்கழகத்தில் 2010இல் 'தள்ளிப்போட்ட கட்டுரைகளின் நீண்ட இரவு' என்று ஒன்று நடத்தினார்கள். விடிய விடியப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து எழுதுவார்கள், கேட்டால் சொல்ல ஆள் இருக்கும். பிறகு பல நாடுகளுக்கு அது பரவியது. இங்கெல்லாம் பொதுவாக இருப்பது கூடம் இல்லை. எழுதுகிறவர் பக்கத்தில் ஒரு மனிதர் இருப்பது.

அதற்குத்தான் நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது. 'பேச்சுத்துணைக்கு ஆளில்லை' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். பேச்சுத்துணைக்கு வருகிறவர் நமக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதில்லை, நமக்குப் பதிலாகப் பேசுவதும் இல்லை. அவர் இருப்பதால் நாம் பேசுகிறோம், அவ்வளவுதான். வழித்துணையும் அப்படியே, நடப்பது நம் கால்தான். எனவே என் முன்மொழிவு: எழுத்துத்துணை.

'எழுத்து' வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதையே கொண்டுவருகிறாயே என்று கேட்பீர்கள். 'துணை' பக்கத்தில் வந்ததும் அது மாறிவிடுகிறது. பேச்சுத்துணையில் பேச்சு என்பது மேடைச் சொற்பொழிவு ஆகாமல், பேசுவது என்ற செயலாகத்தான் நிற்கிறது. எழுத்துத்துணையிலும் எழுத்து அதுபோலச் செயலாகிவிடும். வினையடியை வைத்து 'எழுதுதுணை' என்றும் சொல்லிப் பார்த்தேன், 'துது' என்று நாக்கு இடறுகிறது.

> துணை என்றால் துணைவேந்தர், துணைப்பதிவாளர் மாதிரிக் கீழ்நிலைப் பதவி ஆகிவிடாதா?

முன்னால் வந்தால் அப்படி ஆகும். பின்னால் வந்தால் ஆகாது. துணைவேந்தர் வேந்தருக்கு அடுத்தவர். வாழ்க்கைத்துணை வாழ்க்கைக்கு அடுத்தது இல்லை. திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அங்கே துணையாக வருகிறவர் நம்மைவிடப் பெரியவர். தோழர், மூத்தவர், ஆசிரியர் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் இந்தச் சொல் தாங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, இழையில் யாரும் தொடாதது. அங்கே ஆசிரியர்களும் வருவார்கள். நான் வேலை பார்த்தபோது உயிரியல் பேராசிரியர் ஒருவர், மாணவர்கள் கொடுத்த கட்டுரைகள் எல்லாம் வெறும் சுருக்கமாகவே இருக்கின்றன என்று அலுத்துக்கொண்டு வந்தார். அவர் கொடுத்திருந்த கேள்வித்தாளை வாங்கிப் படித்தோம். 'விவாதிக்க' என்று ஒரே ஒரு வினைச்சொல். நம் வினாத்தாள்களில் கட்டுரைக்க, விளக்குக, ஆய்க என்று மாற்றி மாற்றிப் போடுகிறோமே, அதே கதை. எதற்கு எதைச் செய்ய வேண்டும் என்று மாணவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு வரியை அவர் நான்கு வரியாக விரித்து எழுதினார்: யார் படிக்கப்போகிறார்கள், எந்த இரண்டு முடிவுகளை ஒப்பிட வேண்டும், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லியாக வேண்டும், முதல் வரைவு எப்போது. அடுத்த முறை வந்த தாள்கள் வேறு மாதிரி இருந்தன என்று அவரே வந்து சொன்னார். பேராசிரியரைத் 'திருத்தகத்துக்கு வாருங்கள்' என்று கூப்பிட முடியாது. துணைக்கு வரலாம், அதில் யாருக்கும் கூச்சமில்லை.

எழுதச் சொல்லித்தருவது மொழித்துறையின் பாடு மட்டும் இல்லை, இயற்பியலுக்கும் வரலாற்றுக்கும் உண்டு என்று 1970களில் அமெரிக்காவில் ஓர் இயக்கமே கிளம்பியது. அதற்குப் 'பாடத்திட்டம் முழுவதற்குமான எழுத்துச் செயற்பாடு' என்று ஒரு மொழிபெயர்ப்பு இங்கே வந்தது. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. வீடுதோறும், ஊர்தோறும் என்கிறோம், இதையும் 'துறைதோறும் எழுத்து' என்று சொல்லிவிடலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை உட்கார்ந்து பேசுவதற்கு 'அமர்வு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, பக்கத்தில் அமர்வதுதான் வேலையே என்பதால் பொருத்தமும்கூட. மாணவருக்கு மாணவரே துணையாக வந்தால் 'உடன்பயில் துணை'. வகுப்பில் எழுதிவரச் சொல்வதற்கு இலங்கையில் 'ஒப்படை' என்கிறார்கள். நாம் 'அசைன்மென்ட்' என்பதைவிட அது எவ்வளவோ மேல், அதையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நண்பர்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். இடத்தின் பெயருக்கு நான் சண்டை போடவில்லை, 'எழுதுகூடம்' இருக்கட்டும். 'எழுத்துத்துணையகம்' என்று நீட்ட எனக்கே மனமில்லை.

எந்தச் சொல்லையும் வாயில் போட்டுப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. 'நாளைக்கு மூணு மணிக்கு எழுத்துத்துணைக்கு நேரம் வாங்கியிருக்கேன்.' 'எழுத்துத்துணைக்கு இன்னிக்கு யார் இருக்காங்க?' இரண்டும் தடுக்காமல் வருகின்றன. உங்கள் வீட்டிலும் சொல்லிப் பாருங்கள், எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

எங்கள் ஊருக்கு இந்த ஆண்டு படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தச் சொற்களையே போட்டிருக்கிறேன். முதல் வரிகள் இப்போதைக்கு இப்படி இருக்கின்றன: 'நூலகத்தின் இரண்டாம் மாடியில் எழுதுகூடம் இருக்கிறது. கட்டுரை முடிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரு வரிகூட எழுதவில்லை என்றாலும் ஒப்படைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், எழுத்துத்துணைக்கு ஆள் இருக்கும்.'