மின்னலை இழுத்துக் காட்டினா பொய்யா?

செந்தூல்காரன்:
நேத்து சாயங்காலம் மாடியில கேமராவை வச்சு, கேஎல் கோபுரம் பக்கம் பெய்த இடிமழையை எடுத்தேன். டைம்லாப்ஸ்தான்: 3 நொடிக்கு ஒரு படம், அதையெல்லாம் கோத்து நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடுற வீடியோ. நல்லா விழுந்த மின்னல் எல்லாம் ஒரே ஃப்ரேம்ல முடிஞ்சிடுது, 0.04 நொடி. அம்மா பாத்துட்டு "எங்கடா மின்னலு?"ன்னு கேட்டாங்க. எஃப்எஃப்எம்பெக்னு வீடியோ மாத்துற மென்பொருள் இருக்குல்ல, அதுல லேக்ஃபன் (lagfun) ஃபில்டர் போட்டேன். வெளிச்சம் சட்டுன்னு வரும், மெதுவா மங்கும். இப்ப கிளை கிளையா தெரியுது.

கம்போங்பண்டான்:
அழகா இருக்கு தம்பி, ஆனா பொய். டிகே (decay), அதான் வெளிச்சம் மங்குற அளவை, 0.95லயே விட்டிருக்கீங்க. ஃப்ரேமுக்கு 5 விழுக்காடுதான் குறையும், பாதி மங்கவே 13, 14 ஃப்ரேம் ஆகும். உங்க கணக்குல அது நிஜத்துல 40 நொடி. 40 நொடி வானத்துல தொங்குற மின்னலை எந்த ஊர்ல பாத்தீங்க?

செந்தூல்காரன்:
அண்ணே, ஒன்றரை மணி நேர மழை 72 நொடியில ஓடுது. அது மட்டும் உண்மையா லா?

கம்போங்பண்டான்:
அது வேகம். படத்துல இருக்கிறதெல்லாம் சென்சார்ல விழுந்த வெளிச்சம். இது நீங்க மேல ஊத்துன வெளிச்சம். நம்பலன்னா எல்ஆர்டியைப் பாருங்க, ரயிலுக்கும் வால் முளைச்சிருக்கு.

பட்டர்வொர்த்_அக்கா:
சண்டை அப்புறம். மின்னலுக்குப் பிறகு மேகம் ரோஸ் கலரா நிக்குதே, ரெண்டு பேருமே பாக்கலையா? ஃபில்டர் ஒய்யுவியில (YUV) ஓடுது, அதுல வெளிச்சம் ஒரு தளம், நிறம் ரெண்டு தளம். வெளிச்சத்தோட ரெண்டு நிறத் தளத்தையும் பெரிய மதிப்புலயே பிடிச்சு வச்சுக்குது. சிவப்பு, பச்சை, நீலம்னு பிரிக்கிற ஆர்ஜிபிக்கு (RGB) மாத்திட்டு ஃபில்டரைப் போடுங்க. எஸ்பிளனேட்ல எடுத்த வாணவேடிக்கையில நானும் இதே மாதிரி மாட்டிக்கிட்டு, ஒரு ராத்திரி தூக்கம் போச்சு.

செந்தூல்காரன்:
அட, ஆமாக்கா! மாத்திட்டேன், நீலம் திரும்ப வந்துடுச்சு. ரயில் விஷயம் ஒத்துக்கறேன் அண்ணே. ஃபில்டர் வானத்துல மட்டும் வேலை செய்யுற மாதிரி மாஸ்க் போட்டு, டிகேயை 0.8க்கு இறக்கிட்டேன். 3 ஃப்ரேம்ல பாதி மங்கிடுது. அம்மாவுக்கு இன்னும் தெரியுது.

கம்போங்பண்டான்:
நிஜத்துல 9 நொடி. சின்னப் பொய். கீழே "மின்னல் வெளிச்சம் நீட்டப்பட்டது"ன்னு ஒரு வரி போடுங்க, நான் வாயை மூடிக்கறேன்.

செந்தூல்காரன்:
போட்டாச்சு. பக்கத்துலயே "மேகம் விரட்டப்பட்டது"ன்னும் போட்டிருக்கேன், பாத்துட்டுச் சொல்லுங்க.