23 ஆகாத பையன் உட்காரும் மேசைக்கு என்ன செய்வது?

கேரளாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பாரில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தமிழ்நாட்டு எல்லை பக்கத்திலேயே. கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிப் பையன்கள் பைக்கில் வருவார்கள். தமிழ்நாட்டில் குடிக்க 21 வயது போதும். கேரளாவில் 2017-லிருந்து 23. அப்காரி சட்டப்படி (கேரளாவின் மதுச் சட்டம்) அதற்குக் கீழே விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

போன ஞாயிறு நான்கு பேர் வந்தார்கள். ஒருவனுக்கு மீசையே இப்போதுதான் அரும்புகிறது. கீறல் விழுந்த போனில் ஆதார் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பிறந்த வருடம் மட்டும் இருந்தது, தேதி இல்லை. கணக்குப் போட்டால் 22 ஆகவும் இருக்கலாம், 23 ஆகவும் இருக்கலாம். "எங்க ஊர்ல 21 தானுங்களேண்ணா" என்கிறான். தரவில்லை. மற்ற மூவரும் 25 தாண்டியவர்கள், பீர் கொடுத்தோம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இவன் கையில் டம்ளர்! பிடுங்கினால் அடிதடி.

மலையாளத்திலும் தமிழிலும் போர்டு வைத்தாயிற்று. இப்போது வாசலிலேயே அசல் அட்டை கேட்கிறோம், இல்லையென்றால் சோடாதான். அப்புறமும் டம்ளர் கை மாறுகிறது. முதலாளி "வியாபாரத்தைக் கெடுக்காதே" என்கிறார். தெரிந்த வக்கீல் குமாஸ்தா "நீங்கள் விற்றால்தானே குற்றம்" என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கேமராவில் எங்கள் மேசைதானே தெரியும்.

கேரள பாரில் வேலை பார்த்தவர்கள், அப்காரி வழக்கு நடத்திய வக்கீல்கள் சொல்லுங்கள்: பெரியவர் வாங்கிய பீரை எங்கள் மேசையிலேயே 23 ஆகாதவன் குடித்தால், லைசென்ஸ்காரருக்கும் பொறுப்பு வருமா?